தட்டைத் தகடும் உருண்ட வடிவமும்

பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை தொடங்கி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரையிலுள்ள ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோலைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையிலும், தாயோ தமக்கையோ காலணித் தொழிற்சாலையிலும் பணிபுரியும் வீடுகள் இவ்வூர்களில் பல. தட்டையான தோல் ஒன்று எவ்வாறு காலின் வடிவத்தைப் பெறுகின்றது என்பதை நீங்கள் சிறு வயதிலேயே கண்டிருப்பீர்கள். வெட்டித் தைத்த மேல்தோலை, 'லாஸ்ட்' என்று தொழிலாளர் கூறும் பாத வடிவக் கட்டையின்மீது போர்த்தி, விளிம்பைப் பற்றி இழுத்து, அடிப்புறத்தில் ஒட்டுவார்கள். முன்விரல் முனையில் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். அடித்தோல் ஒட்டுவதற்கு முன்பு அதே காலணியைத் திருப்பிப் பார்த்தால், விளிம்பெங்கும் சிறு சிறு சுருக்கங்கள் விசிறிபோல் வரிசையாக நிற்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தோலன்று. மெல்லிய உலோகத் தகட்டைக் கையால் தட்டி, சிறிய மாதிரி வண்டிகள் செய்யும் கலை. ஆயினும் அந்தச் சுருக்கங்களை மறவாது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில்தான் இன்றைய பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. அதை நான் மிகவும் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். உணர்ந்ததற்குக் காரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

1989-ஆம் ஆண்டு. இப்பகுதிப் பள்ளியொன்றில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எண்ணெய் டின்னை வெட்டி அம்பாசடர் கார் ஒன்று செய்து கொண்டுவந்தான். கதவுகள் நேராக இருந்தன. கூரையும் ஒருவாறு அமைந்திருந்தது. ஆனால் அந்தக் காரின் அடையாளமாகிய உருண்ட முன்மூடியும், சக்கரங்களின்மேல் புடைத்து நிற்கும் மட்கார்டுகளும் கசங்கிய தாளைப்போல் மடிப்பு மடிப்பாக இருந்தன. அவன் என்னைக் கேட்டான்: "ஒரு பக்கம் வளைச்சா தகரம் வளையுது சார். ரெண்டு பக்கமும் சேர்ந்து வளைய மாட்டேங்குது. ஏன் சார்?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இருக்கவில்லை. "இது மட்டமான தகரம். நல்ல தகரமாக வாங்கிச் செய்" என்று சொல்லிவிட்டேன். அவன் விடுமுறை நாளில் மண்டியொன்றில் தோல் அடுக்கிப் பெற்ற கூலியைக் கொண்டு புதிய தகடு வாங்கினான். அதுவும் அவ்வாறே மடிந்தது. கண்காட்சிக்கு அவன் வரவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டதுண்டு. உறுதியாகச் சொல்ல இன்றுவரை இயலவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையையே இப்போது உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருட்டினால் குழாய் ஆகின்றது. கூம்பாகச் சுற்றினால் கடலை மடிக்கும் பொட்டலம் ஆகின்றது. இரண்டிலும் தாள் கசங்குவதில்லை. இனி, அதே தாளை ஒரு பந்தின்மீது போர்த்திப் பாருங்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது சுருங்கி மடியும். மடியாமல் இழுத்தால் கிழியும். வேறுபாடு யாது? குழாயும் கூம்பும் ஒரு திசையில் மட்டும் வளைந்தவை; மற்றொரு திசையில் அவற்றின்மீது ஒரு கோலை நேராக வைக்கலாம். பந்தின்மீது எத்திசையிலும் நேர்கோல் படியாது. அஃது இரு திசையிலும் வளைந்தது.

இவ்வேறுபாட்டைக் கணிதத்தால் நிறுவியவர் செருமானிய அறிஞர் காஸ் ஆவார். ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் எவ்வளவுதான் வளைத்தாலும், அதற்கே உரிய ஒரு வளைவளவு மாறுவதில்லை என்று அவர் 1827-ஆம் ஆண்டில் காட்டினார். தட்டைத் தாளுக்கு அவ்வளவு சுழி; குழாய்க்கும் சுழி; பந்துக்குச் சுழியன்று. ஆதலால் தாள் குழாயாகலாம், பந்தாகாது. நில உருண்டையைத் தட்டையான படமாக வரைபவர்களுக்கும் இதே இடர்ப்பாடு எதிர்த்திசையில் நேர்கின்றது. மெர்கேட்டர் 1569-ஆம் ஆண்டில் வரைந்த முறையைப் பின்பற்றும் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. படம் வரைந்தவர் பிழை செய்யவில்லை. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேனும் நீட்டியே ஆகவேண்டும். என் மாணவன் தகரத்தோடு போராடிய சிக்கலும் இதுவே. தகரம் மட்டமானது அன்று. என் விடைதான் மட்டமானது.

இதை அளவுகளால் காண்போம். 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளக் கிண்ணம் ஒன்று வேண்டும் என்று கொள்க. அதன் அடி மையத்திலிருந்து விளிம்பு வரை மேற்பரப்பின் வழியே அளந்தால் ஏறத்தாழ 7.85 சென்டிமீட்டர் வரும். ஆகவே அந்த ஆரத்தில் ஒரு வட்டத் தகடு வெட்டுகின்றோம். அவ்வட்டத்தின் சுற்றளவு 49.3 சென்டிமீட்டர். கிண்ணத்தின் விளிம்புச் சுற்றளவோ 31.4 சென்டிமீட்டர்தான். எஞ்சிய 18 சென்டிமீட்டர் எங்கே செல்வது? செல்ல இடமில்லாமையால்தான் அது மடிப்பாக எழுந்து நிற்கின்றது. காலணியின் அடிப்புறத்தில் நீங்கள் கண்ட சுருக்கங்கள் இவ்வாறு எஞ்சிய தோலே.

இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளிம்பைச் சுருக்குவது. எழும் மடிப்புகளைச் சிறியனவாக வைத்துக்கொண்டு, அவற்றைத் தட்டித் தட்டித் தகட்டுக்குள்ளேயே அமிழ்த்த வேண்டும். அப்போது விளிம்பு குறுகித் தடிக்கும். மற்றொன்று, நடுப்பகுதியை நீட்டுவது. 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறிய வட்டத் தகட்டையே எடுத்து, விளிம்பை விட்டுவிட்டு, நடுவை அடித்து அடித்துக் குழிக்கலாம். ஆனால் அவ்வட்டத்தின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். கிண்ணத்தின் பரப்பு 157. பரப்பு இரு மடங்காக வேண்டுமானால் தடிப்பு சராசரியாகப் பாதியாகும். எங்கேனும் மிகுதியாக மெலிந்து கிழிந்துவிடவும் கூடும். கைதேர்ந்தவன் இரண்டு வழிகளையும் கலந்தே கையாள்வான்: நடுவில் சிறிது நீட்டுவான், ஓரத்தில் சிறிது சுருக்குவான். தகட்டு வேலை என்பது உலோகத்தை வளைக்கும் வேலை என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது, உலோகம் மிகுந்திருக்கும் இடத்திலிருந்து வேண்டியிருக்கும் இடத்துக்கு அதைச் சிறிது சிறிதாக நகர்த்தும் வேலையாகும்.

இந்த உண்மையை நான் நூலில் முதலில் கற்கவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் டிங்கர் பட்டறைகள் பல இருப்பதை அறிவீர்கள். மோதி நசுங்கிய வண்டிகளின் உடலைத் தட்டிச் சீர்செய்யும் இடங்கள் அவை. நான் தலைமையாசிரியராகி இருந்த காலத்தில், அத்தகைய பட்டறையொன்றில் வண்டியைக் காட்ட நேர்ந்தது. அங்கு முதியவர் ஒருவர், மணல் நிரப்பிய தோற்பையின்மேல் ஒரு தகட்டை வைத்து, மரச்சுத்தியால் தட்டிக் கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் தட்டைத் தகடு தேங்காய் மூடியின் வளைவைப் பெற்றது. பின்னர் அவர் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, தகட்டைச் சுடர்விளக்கில் காட்டினார். "ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டேன். "தகடு கோச்சுக்கிச்சு சார். இனிமே அடிச்சா கிழிஞ்சிடும். சுட்டு ஆறவிட்டுட்டு அப்புறந்தான் தட்டணும்" என்றார்.

தகடு ஏன் கோபித்துக்கொள்கின்றது? உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்களின் கூட்டம். படிகத்தினுள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசைகளில் ஆங்காங்கே ஒழுங்கு பிறழ்ந்த கோடுகள் உண்டு. உலோகம் வடிவம் மாறுவது இக்கோடுகள் நகர்வதால்தான் என்பதை 1934-ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், போலன்யி என்னும் மூவர் தனித்தனியே விளக்கினர். பெரிய ஜமக்காளம் ஒன்றை முழுதும் இழுத்து நகர்த்துவது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அம்மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிவிட்டால் ஜமக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். அந்த மடிப்பு எத்தகையதோ, உலோகத்தினுள் அக்கோடும் அத்தகையது. ஆனால் தகட்டை மேலும் மேலும் அடிக்கும்போது இக்கோடுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர இடமின்றி நின்றுவிடுகின்றன. அப்போது தகடு விறைக்கின்றது. அதற்குமேலும் அடித்தால் வெடிக்கின்றது. சூடேற்றினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்குபெற்று, புதிய படிகங்கள் தோன்றுகின்றன. தகடு பழைய மென்மையை அடைகின்றது. இதனைக் காய்ச்சி ஆற்றுதல் என்போம்.

தோல் வேலையிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. உலர்ந்த தோலைக் கட்டையின்மேல் இழுத்தால் வெடிக்கும். ஈரமும் வெப்பமும் பட்டு நெகிழ்ந்தால் இணங்கும். காரணம் வேறு: அங்கே நெகிழ்பவை நார்கள், இங்கே படிகங்கள். ஆனால் இரண்டுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கின்றது. தோலைப் 'பதனிடுகின்றோம்'; உலோகத்தைப் 'பதம் பார்த்து' அடிக்கின்றோம். பதம் அறிந்து நிறுத்துவதும் தொழிலின் ஒரு பகுதியே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

தோல் வேலைக்கும் வண்டி வேலைக்கும் உள்ள உறவு வரலாற்றிலும் காணப்படுகின்றது. சென்னையில் 1840-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிம்ப்சன் நிறுவனம், குதிரைச் சேணமும் குதிரை வண்டியும் செய்யும் பட்டறையாகவே வாழ்வைத் தொடங்கிற்று. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியபோது, அதற்குரிய பெட்டிகளைச் செய்ததும் அந்நிறுவனமே. 1903-இல் அங்கே நீராவிக் கார் ஒன்றும் உருவாயிற்று. அக்காலத்து வண்டியுடல் பெரிதும் மரத்தாலானது. பின்னர் மரச்சட்டத்தின்மேல் உலோகத் தகட்டைப் போர்த்தத் தொடங்கினர். கட்டையின்மேல் தோலைப் போர்த்திய கைகளுக்கு அஃது முற்றிலும் புதிய வேலையாக இருந்திராது.

மாதிரி வண்டிகளின் கதையும் இத்தகையதே. செருமனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் மெர்க்கிலின் என்ற தகரக் கம்மியர் 1859-ஆம் ஆண்டில் தம் தொழிலைத் தொடங்கி, பொம்மை வீடுகளுக்குரிய சின்னஞ்சிறு தகரப் பாத்திரங்களைச் செய்தார். அவர் வழிவந்தவர்கள் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், அளவு முறைப்படுத்திய தண்டவாளத்தோடு கூடிய பொம்மை இரயிலைக் காட்சிக்கு வைத்தனர். இன்று உலகெங்கும் உள்ள மாதிரி இரயில் கலைக்கு அஃது ஒரு தொடக்கம். தகரக் கம்மியரின் பட்டறையிலிருந்து பிறந்ததே அக்கலை என்பதைக் கருதுங்கள்.

இனி, நீங்களே செய்து பார்ப்பதற்கான முறையைச் சொல்கின்றேன். என் மாணவன் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம். 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்தால் மாதிரி 18 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீளத்தைக் குறைப்பதுபோல் தடிப்பைக் குறைக்க முடியாது. உண்மையான காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிப்புடையது. அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர், அது தொட்டாலே கசங்கும். மாதிரி வேலைக்கு 0.3 மில்லிமீட்டர்த் தகடு ஏற்றது. கடையில் 30 கேஜ் என்று கேளுங்கள். எண் கூடக்கூடத் தகடு மெல்லியது என்பதை மறவாதீர்கள். அளவை நோக்க இது பெரிய காரின் தகட்டைவிட ஏழெட்டு மடங்கு தடித்தது. ஆகையால் உண்மைக் காரில் உள்ள கூர்மையான மடிப்புக் கோடுகள் மாதிரியில் சற்று மழுங்கியே வரும். அது உங்கள் கையின் குற்றமன்று.

எந்த உலோகம்? நாம் தகரம் என்று அழைப்பது இரும்புத் தகட்டின்மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு உடையது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். எனவே தகரத்தைக் காய்ச்சி ஆற்ற முற்பட்டால் பூச்சு போய்விடும். கதவு, கூரையின் நடுப்பகுதி முதலிய ஒரு திசை வளைவுகளுக்குத் தகரம் போதும். முன்மூடி, மட்கார்டு ஆகிய இருதிசை வளைவுகளுக்குச் செம்புத் தகட்டைக் கொள்ளுங்கள். செம்பு எளிதில் நீளும், எளிதில் சுருங்கும், எத்தனை முறை காய்ச்சினாலும் மென்மை பெறும். தகரத்தோடு ஈயப்பற்று வைத்து இணைக்கவும் இணங்கும். துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டைச் சூடாக்கவே கூடாது. அதிலிருந்து எழும் புகை உடலுக்குத் தீங்கு.

கருவிகள் சிலவே. தகடு வெட்டும் கத்தரி, அரம், மரச்சுத்தி அல்லது கொட்டாப்புளி, முகம் வழவழப்பாகத் தேய்த்த சிறிய இரும்புச் சுத்தி, மணற்பை ஆகியவை போதும். மணற்பைக்குத் தடித்த தோலே சிறந்தது. துணி விரைவில் கிழியும். உலகெங்கும் தகட்டு வேலை செய்பவர்கள் தோல் மணற்பையையும், பச்சைத்தோலைச் சுருட்டி முகம் வைத்த சுத்தியையும் விரும்பிப் பயன்படுத்துகின்றனர். தோல் தகட்டில் வடு உண்டாக்குவதில்லை. நம் ஊரில் வெட்டித் தள்ளும் துண்டுத் தோலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

முதற்படியாக, முன்மூடியின் வடிவத்தைக் கெட்டியான மரத்தில் செதுக்கிக்கொள்ளுங்கள். இது உங்கள் 'லாஸ்ட்'. அதன்மீது ஒரு தாளைப் போர்த்தி அழுத்துங்கள். தாள் மடியும் இடங்களில் பென்சிலால் ஒரு குறி இடுங்கள். அங்கே உலோகத்தைச் சுருக்க வேண்டும். தாள் படியாமல் இழுபடும் இடத்தில் கத்தரியால் ஒரு கீறல் இடுங்கள்; கீறல் வாய்திறந்து விரியுமானால் அங்கே உலோகத்தை நீட்ட வேண்டும். எங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுத்தியைத் தொடுமுன்பே தாள் சொல்லிவிடுகின்றது. என் மாணவனுக்கு நான் ஒரு தாளையும் கத்தரியையும் கொடுத்திருந்தாலே போதும்.

அடுத்து, தாளின் அளவைவிட 5 மில்லிமீட்டர் மிகுதியாகச் செம்பை வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தியை ஒக்கும். பின்னர் ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்க, மங்கிய வெளிச்சத்தில் செம்பு சிறிதே சிவக்கும் வரை சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்துங்கள். கருவி செய்யும் எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் இட்டால் கடினமாகும். செம்பு அவ்வாறன்று, மென்மையாகவே இருக்கும். மேலே படியும் கருமையை வீட்டில் செம்புப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியால் தேய்த்து நீக்கலாம்.

இனி மணற்பையின்மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டா. ஓர் அடியின் சுவட்டை அடுத்த அடி பாதி மூடுமாறு, வரிசை தவறாமல், மெல்லிய அடிகளாகத் தட்டுங்கள். விளிம்பில் மடிப்புகள் எழும். அவை சிறியனவாக இருக்கும்போதே அடக்க வேண்டும். மடிப்பின் வெளி ஓரத்தை முதலில் சற்றே தட்டி, அது விரிந்து ஓடாமல் தடுத்து, பின்பு எஞ்சிய பகுதியை மரக்கட்டையின்மேல் வைத்துப் பையப் பையத் தட்டினால், உலோகம் தன்னுள்ளே ஒடுங்கும். மடிப்பு வளர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிட்டால், அங்கே வெடிப்பு உறுதி.

செவியையும் கூர்மையாக வைத்திருங்கள். மென்மையான தகடு அடிபடும்போது மழுங்கிய ஓசை தரும். விறைக்க விறைக்க ஓசை கூர்மையாகும். சுத்தியும் கையில் துள்ளும். அதுவே நிறுத்த வேண்டிய வேளை. மீண்டும் காய்ச்சி ஆற்றுங்கள். ஒரு முன்மூடிக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்ய நேரலாம். வடிவம் வந்தபின், வழவழப்பான இரும்புக் குண்டின்மேல் வைத்து இரும்புச் சுத்தியால் மெல்லத் தட்டி மேடுபள்ளங்களைச் சமன்செய்து, மிகுந்த விளிம்பை வெட்டி, ஈயப்பற்றால் மற்றப் பகுதிகளோடு இணையுங்கள். பற்றுவைக்கும் போது சாளரங்களைத் திறந்து வையுங்கள். முடித்ததும் கைகளைக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

"பெரிய தொழிற்சாலைகளில் அச்சு எந்திரம் ஒரே அழுத்தத்தில் முன்மூடியைச் செய்துவிடுகின்றதே, கையால் ஏன் தட்ட வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். எந்திரமும் அதே விதிக்கு உட்பட்டதே. அதுவும் தகட்டின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு, நடுவை நீட்டி, ஓரத்தைச் சிறிதளவே நழுவவிட்டு மடிப்பைத் தடுக்கின்றது. பிடி தளர்ந்தால் மடிப்பு, மிகுந்தால் கிழிசல். அந்த அச்சை உருவாக்க ஆகும் பெருஞ்செலவு ஆயிரக்கணக்கான வண்டிகள் செய்தால்தான் கட்டுபடியாகும். ஒரே வண்டிக்குக் கையே ஏற்ற கருவி.

அடுத்த முறை பேருந்து நிலையத்துக்குச் செல்லும்போது கவனியுங்கள். கரூரில் கட்டப்படும் பேருந்துகளின் பக்கங்கள் பெரும்பாலும் தட்டை. கூரை ஒரு திசை வளைவு. இரு திசை வளைவுகள் பெரும்பாலும் கூரையின் மூலைகளிலும் முகப்பிலும் மட்டுமே வரும். சென்னை பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகும் பெட்டிகளிலும் இதே சிக்கனத்தைக் காணலாம். எங்கே வளைவு எளிது, எங்கே அரிது என்பதை அறிந்தவர்கள் வரைந்த வடிவங்கள் அவை.

மாணவ நேயர்களே, நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, கைத்தொழிலின் வழியே கல்வி என்னும் கொள்கையைத் தேர்வுக்காகப் படித்தேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் கையால் கற்ற ஒரு சிறுவன் என் முன் வந்து நின்றபோது, அவன் கேள்வியின் அருமை எனக்குப் புலப்படவில்லை. காஸ் என்னும் பெரும் கணித மேதை ஆராய்ந்த சிக்கலை, எண்ணெய் டின்னும் சுத்தியும் கொண்டு அவன் தானாகவே கண்டுபிடித்திருந்தான். நூலறிவு உடையவனாகிய நான் அதற்கு ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை; தகரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். உங்களிடமும் ஒரு சிறுவன் கசங்கிய தகரத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். உங்களுள் சிலர் பட்டறைக்குச் செல்வீர்கள். அங்கே உங்கள் கை கண்டுணரும் உண்மைகளைப் பள்ளி சொல்லித் தரவில்லை என்பதனால் தாழ்வாக எண்ணாதீர்கள். தோல் பதனிடுவோரையும் தகடு தட்டுவோரையும் தாழ்வாகக் கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. அவ்வழக்கத்தால் நாம் இழந்த அறிவு எவ்வளவு என்பதைக் கணக்கிட எவராலும் இயலாது.

1989-இல் கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். அவன் எங்கிருக்கின்றான் என்பதை நான் அறியேன். ஒருகால் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கு ஒன்று சொல்வேன். தம்பி, உன் தகரம் நல்ல தகரம்தான். தாளை வைத்துப் பார், நடுவை நீட்டு, ஓரத்தைச் சுருக்கு, விறைத்தால் சுட்டு ஆறவிடு.